பாலாத் முகாமின் குப்பைப் புகையும் என் மூச்சும்: ஈராக் போய் வந்தவர்களுக்குச் சில விவரங்கள்

அமெரிக்க ராணுவ முகாமில் ஏதாவது ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்குக் கீழே வேலை பார்த்தவர், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அந்த வேலையால் நோய் வந்தால் அமெரிக்கச் சட்டப்படி இழப்பீடும் மருத்துவச் செலவும் கேட்கலாம். ஈராக்கிலிருந்து 2009இல் நான் ஊர் திரும்பியபோது இந்த ஒரு வரியை யாராவது காதில் போட்டிருந்தால் என் மனைவியின் நகை இன்றைக்கும் வீட்டில் இருந்திருக்கும். கம்பெனி சொல்லவில்லை, அனுப்பிய ஏஜெண்ட் சொல்லவில்லை, பார்த்த டாக்டர்களுக்கும் தெரியவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் என் ஊரிலிருந்து மட்டும் ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்தவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்போம். நான் வக்கீல் கிடையாது. பத்தாவது வரை படித்தவன். தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

2006இல் குவைத் விசா என்றுதான் போனேன். கேட்டரிங் வேலை, மாதம் 550 டாலர், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஏஜெண்டுக்கு 1,60,000 ரூபாய், பாதி வட்டிக்கு வாங்கியது. குவைத்தில் இறங்கியதும் ஒரு பெரிய கொட்டகையில் நேபாளம், பிலிப்பைன்ஸ், இலங்கை, நம்ம ஊர் என்று எல்லோரையும் படுக்க வைத்திருந்தார்கள். சில வாரம் கழித்துத்தான் வேலை ஈராக்கில் என்றார்கள். இந்திய அரசு 2004லேயே ஈராக்குக்கு ஆள் போகத் தடை போட்டிருந்தது. ஆனால் கடனை வைத்துக்கொண்டு திரும்பிப் போக யாருக்கு மனசு வரும்? ஒரு ராத்திரி ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்றி இறக்கினார்கள். என் பாஸ்போர்ட்டில் ஈராக் முத்திரை இல்லை. இது பின்னால் பெரிய தலைவலியாக வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த இடத்திலேயே ஒரு விஷயம். வளைகுடாவுக்குப் போகும் எல்லோருக்கும் கிளம்பும் முன் உடல் பரிசோதனை எடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரே உட்பட. அப்போது அதற்குக் காம்கா மெடிக்கல் என்று பெயர். அந்தச் சான்றிதழை வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள் பலர். என் அம்மா அதை ரேஷன் கார்டு, பட்டாவோடு சேர்த்து டிரங்க் பெட்டியில் வைத்திருந்தாள். போகும்போது என் நுரையீரல் சுத்தமாக இருந்தது என்பதற்கு உலகத்திலேயே அந்த ஒரு காகிதம்தான் சாட்சி. உங்கள் வீட்டில் எங்கேயாவது கிடந்தால் இன்றைக்கே தேடி எடுங்கள்.

நான் இறங்கியது பாலாத். பாக்தாதுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டர். இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் இருந்த விமானதளம். எங்களை டி.சி.என். என்பார்கள், மூன்றாம் நாட்டுக்காரன் என்று அர்த்தம். முதலில் டிஃபாக் எனப்படும் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவினேன். சில மாதத்தில் குப்பை லாரிக்கு மாற்றினார்கள். கூடத்திலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் சேரும் குப்பையை ஏற்றி எரிகுழிக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். குழி என்றால் பள்ளம் தோண்டிக் குப்பை போட்டு எரிப்பது என்று நினைக்காதீர்கள். பத்து ஏக்கர் அளவுக்கு விரிந்து கிடந்தது. விமானத்துக்கு ஊற்றும் ஜே.பி.-8 எரிபொருளை ஊற்றித்தான் பற்ற வைப்பார்கள், ராப்பகலாக அணையாது. தண்ணீர் பாட்டில், தெர்மகோல் தட்டு, டயர், பெயிண்ட் டப்பா, பேட்டரி, ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாம் அதில்தான் போகும். ஸ்ப்ரே டப்பாக்கள் சூடேறி டப் டப் என்று வெடிக்கும். முதல் வாரம் குனிந்து படுத்தேன், அப்புறம் பழகிவிட்டது.

லாரியைப் பின்பக்கமாக எடுத்து விளிம்பில் நிறுத்தி, நாங்கள் இரண்டு பேர் இறங்கிச் சிக்கிய மூட்டைகளைக் கம்பியால் தள்ளுவோம். பிளாஸ்டிக் உருகி விளிம்பில் கறுப்புப் பாகு மாதிரி இறங்கிக் கெட்டியாகியிருக்கும், பூட்ஸில் ஒட்டினால் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். முகமூடி என்று கொடுத்தது ஒரு மெல்லிய துணி. வெயில் ஏறினால் புகை மேலே போகும். குளிர்காலத்து இரவில் போகாது, தரையோடு படிந்து எங்கள் தங்கும் கொட்டகைக்குள் வந்து நிற்கும். ஏ.சி. வடிகட்டியைக் கழற்றித் தட்டினால் கரி கொட்டும். காலையில் துப்பினால் கறுப்பாக வரும். எல்லோருக்கும் அப்படித்தான் வந்தது, அதனால் யாரும் அதை நோயாக நினைக்கவில்லை.

தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் அங்கே இருந்த அதே 2006 டிசம்பரில், பாலாத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறுப்பில் இருந்த அமெரிக்க விமானப்படை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் டாரின் கர்டிஸ், இந்தக் குழி உடல்நலத்துக்கு ஆபத்து என்று எழுத்துப்பூர்வமாக மேலிடத்துக்கு எச்சரிக்கை அனுப்பினார். அது 2008இல் செய்தியாக வெளியே வந்தது. 2009இல் குழியை மூடி எரியுலைகளுக்கு மாறினார்கள். எங்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. இந்தக் குறிப்பு பல வருடம் கழித்து என் கைக்கு வந்தபோது கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் கோபத்தைவிட அதன் பயன் பெரிது. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் நச்சுப் புகை இருந்தது என்று அவர்கள் பக்கத்து ஆளே எழுதிய காகிதம் அது. உங்கள் முகாமைப் பற்றி அப்படி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு ராத்திரியில் தேடிக் கொடுத்துவிடும்.

அங்கே இருந்தபோது இருமலுக்கு முகாம் கிளினிக்குக்குப் போயிருக்கிறேன். மாத்திரை கொடுத்து, ஒரு சின்னச் சீட்டில் தேதியும் இருமல், நெஞ்சு இறுக்கம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு பர்ஸிலேயே மடங்கிக் கிடந்து ஊர் வந்து சேர்ந்தது. பின்னால் வக்கீல் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்குத்தான். இப்போதும் வெளிநாட்டு முகாம்களில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: தலைவலியோ இருமலோ கண் எரிச்சலோ, கிளினிக்குப் போங்கள், சீட்டு கேட்டு வாங்குங்கள், போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சூப்பர்வைசர் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

கிளம்பும்போது எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரு ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சம்பள பாக்கி இல்லை, காயம் எதுவும் இல்லை, இனி கம்பெனி மீது எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்ததாம். இந்தக் கையெழுத்தை நினைத்தே நிறையப் பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். பயப்படத் தேவையில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஊர் வந்து ஒரு டாடா ஏஸ் வாங்கி ஓட்டினேன். மூன்று வருடம் போல நன்றாக ஓடியது. அப்புறம் மூட்டை ஏற்றினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்துமா என்றார்கள். இன்ஹேலர், மாத்திரை, நெபுலைசர், மாதம் 1,500 ரூபாய்க்குக் குறையாது. ஒரு மழைக்காலத்தில் மூச்சு முட்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்ததில் 45,000. காசநோயாக இருக்குமோ என்று சளிப் பரிசோதனை, அதுவும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். சொந்தக்காரர்கள் வேலைக்குப் போகாமல் சாக்குச் சொல்கிறான் என்று பேச ஆரம்பித்தார்கள். நோயைவிட அதுதான் சுட்டது. வண்டியை விற்றேன். கூட்டுறவு வங்கியில் வைத்த நகை ஏலத்துக்குப் போனது. 2018 வரை மருத்துவத்துக்கு மட்டும் எப்படிக் கூட்டினாலும் ஆறு லட்சம் ஆகியிருக்கும்.

2018இல் திருச்சியில் ஒரு நுரையீரல் டாக்டர் முதல் முறையாக, "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். ஊதிப் பார்க்கும் டெஸ்டை மருந்து இழுக்கும் முன்னும் பின்னும் எடுத்தார். ஆஸ்துமா என்றால் பொதுவாக மருந்துக்குப் பின் மூச்சின் அளவு 12 சதவீதமாவது கூடியிருக்க வேண்டுமாம். எனக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. அப்புறம் ஹை ரெசல்யூஷன் சி.டி. எடுக்கச் சொன்னார், மூச்சை உள்ளே இழுத்து ஒன்று, முழுக்க வெளியே விட்டு ஒன்று. வெளியே விட்டு எடுத்த படத்தில்தான் தெரிந்தது. காற்று வெளியே போக வேண்டிய இடங்களில் போகாமல் திட்டுத் திட்டாக நின்றது. நுண் மூச்சுக்குழாய்கள் தழும்பாகிச் சுருங்கிப் போயிருக்கலாம் என்றார். கன்ஸ்ட்ரிக்டிவ் பிராங்கியோலைடிஸ் என்று சீட்டில் எழுதினார். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

அமெரிக்காவில் 2011இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதைப் பற்றியதுதான். ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பி மூச்சு வாங்கிய 80 சிப்பாய்களைப் பரிசோதித்து, 49 பேருக்கு நுரையீரலில் துண்டு எடுத்துப் பார்த்ததில் 38 பேருக்கு இதே நோய். அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் எக்ஸ்ரே நன்றாகவே இருந்தது. பலருக்குச் சி.டி.யிலும் ஒன்றும் தெரியவில்லை. அதனால் எக்ஸ்ரே சரி என்று அனுப்பிவிட்டால் அதோடு நிற்காதீர்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதும் டெஸ்ட், வாயு பரிமாற்றம் பார்க்கும் டி.எல்.சி.ஓ. டெஸ்ட், ஆறு நிமிட நடை, மூச்சை வெளியே விட்டு எடுக்கும் சி.டி. இந்த நான்கையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். எனக்குத் துண்டு எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அந்த ஆபரேஷனைத் தாங்கும் நிலையில் நான் இல்லை.

சட்டம் இருப்பது தெரிந்தது நாகர்கோவில் நண்பன் மூலம். பாலாத்தில் என்னோடு லாரியில் ஓடியவன். அவன் மச்சான் ஆப்கானிஸ்தானில் கந்தஹாரில் வேலை பார்த்துக் கால் போய் இழப்பீடு வாங்கியிருந்தான். "மாப்ள, வெடிகுண்டுக்கு மட்டும் இல்லடா, சீக்குக்கும் உண்டாம்" என்றான். டிஃபென்ஸ் பேஸ் சட்டம் என்று பெயர், 1941இல் போட்டது. வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளங்களில் ஒப்பந்த வேலை எடுக்கும் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். துணை ஒப்பந்தக்காரன் எடுக்காமல் ஏமாற்றியிருந்தால் மேலே இருக்கும் கம்பெனி பொறுப்பு. இதைக் கவனிப்பது அமெரிக்கத் தொழிலாளர் துறை. மனு போடக் கட்டணம் கிடையாது.

இதோடு வேறொன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2022 ஆகஸ்டில் பாக்ட் சட்டம் என்று ஒன்று வந்தது, எரிகுழிப் புகையால் நோய் வந்த சிப்பாய்களுக்கு ஆதாரம் தேடாமலே உதவி கிடைக்க வழி செய்தது. எனக்கு வந்திருக்கும் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும். அதே புகையை அதே காற்றில் சுவாசித்த நமக்கு இல்லை. எரிகுழிப் பதிவேடு என்று 2014இல் திறந்த பட்டியலிலும் நம் பெயர் ஏறாது. வாட்ஸ்அப்பில் பாக்ட் பணம் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் நம்பாதீர்கள். என் நண்பன் ஒருவன் இப்படி ஒரு தரகனிடம் 40,000 கட்டினான், ஆளையும் காணோம், போனும் இல்லை.

கால வரம்புதான் எல்லாவற்றிலும் முக்கியம். விபத்துக் காயம் என்றால் மனு போட ஒரு வருடம். எங்களுடையது போல மெல்ல வெளிப்படும் தொழில் நோய்க்கு இரண்டு வருடம், கம்பெனிக்குத் தகவல் சொல்ல ஒரு வருடம். இது வேலையை விட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை. நோய், அதனால் வந்த இயலாமை, அதற்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு, இவை உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடும். அதனால் பத்து வருடம் ஆகிவிட்டதே என்று கைவிட வேண்டாம். ஆனால் டாக்டர் சீட்டில் ஈராக் புகை என்று எழுதிய நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், கடிகாரம் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது.

டாக்டரிடம் கடிதம் வாங்குவதுதான் எனக்கு மலையாக இருந்தது. கோர்ட் விவகாரம் என்றதும் எந்த டாக்டரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "நான் அங்க வந்து பார்க்கலையே தம்பி, எப்படி எழுதறது?" என்றார் இவரும். நியாயமான பேச்சு. அந்த 2011 ஆய்வை அச்செடுத்துக்கொண்டு போனேன். காம்கா சான்றிதழ், கிளினிக் சீட்டு, கர்டிஸ் குறிப்பு, எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு பைலில் கோத்துக் கொடுத்தேன். வைத்துவிட்டுப் போங்கள் என்றார். ஒரு வாரம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. நோயாளி புகை பிடிக்காதவர், முன்பு நுரையீரல் நோய் இல்லை, இத்தனை காலம் எரிகுழியின் விளிம்பில் வேலை பார்த்திருக்கிறார், இந்தப் பரிசோதனை முடிவுகளை வைத்துப் பார்த்தால் அந்தப் புகையால் நோய் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இவ்வளவுதான். "நிச்சயம்" என்று எழுதச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். வாய்ப்பு அதிகம் என்பதும், ஏன் அப்படி என்ற காரணமும் இருந்தால் போதும்.

எல்.எஸ்.-203 என்ற படிவம், இரண்டு பக்கம், என் தங்கை மகன் உட்கார்ந்து நிரப்பினான். கம்பெனி பெயர், வேலை பார்த்த இடம், நோய், தெரிந்த தேதி. தடை இருந்தபோது ஈராக் போனவன் என்று போலீஸ் வீட்டுக்கு வருமோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. படிவத்தில் விசாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, யாரும் வரவும் இல்லை. எந்த வழியாகப் போனாய் என்பதை இந்தச் சட்டம் பார்ப்பதில்லை, அங்கே அந்த வேலையைச் செய்தாயா என்றுதான் பார்க்கிறது. அதைக் காட்டத்தான் நான் தவித்தேன். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லையே! கடைசியில் கைகொடுத்தவை: படம் போட்ட முகாம் பேட்ஜ், வெஸ்டர்ன் யூனியனில் வீட்டுக்குப் பணம் போட்ட ரசீதுகள், பேங்க் பாஸ்புக், லாரிக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ, அப்புறம் கூட வேலை பார்த்த இருவர் எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதம். சாட்சியில் "இவர் நல்லவர்" என்றெல்லாம் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன லாரி, குழியிலிருந்து எத்தனை அடி தூரம், என்ன எரிந்தது, என்ன முகமூடி, இதுதான் வேண்டும்.

மனு போட்ட சில வாரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து மறுப்பு வந்தது. அதைப் பார்த்து இடிந்துபோனேன். வேண்டியதில்லையாம், அநேகமாக எல்லோருக்கும் முதலில் மறுப்புத்தான் வரும், அங்கே அது வழக்கம். மறுப்புக்குப் பின்தான் வழக்கே தொடங்குகிறது. முதலில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் பேச்சு, அதில் தீராவிட்டால் நிர்வாகச் சட்ட நீதிபதி. இந்தச் சட்டத்தில் தொழிலாளிக்குச் சாதகமாக ஒரு ஏற்பாடு உண்டு. எனக்கு நோய் இருக்கிறது, அந்த நோயைத் தரக்கூடிய சூழலில் வேலை பார்த்தேன் என்ற இரண்டையும் காட்டிவிட்டால், வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டிய பாரம் எதிர்த்தரப்புக்கு மாறும்.

வக்கீல் அமெரிக்காவில் இருப்பவர், மெயிலில் பிடித்தது. அவருக்கு நான் கையிலிருந்து ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. வழக்கில் ஜெயித்தால் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ்தான் வக்கீல் கூலி தரும், அதையும் அதிகாரியோ நீதிபதியோ ஒப்புக்கொண்ட தொகைதான் வாங்கலாம். ஒப்புதல் இல்லாமல் தொழிலாளியிடம் காசு வாங்குவது அங்கே குற்றம். ஆகவே முன்பணம் கேட்பவர், வருகிற பணத்தில் பாதி எனக்கு என்று பத்திரம் எழுதச் சொல்பவர், யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கொரோனாவில் எல்லாம் நின்று, 2021இல் வீடியோவில் விசாரணை வைத்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் வைத்துத் தருவார்கள், அரைகுறை இங்கிலீஷில் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கேள்விகள் ஊசி. பீடி உண்டா? அப்பா புகை பிடிப்பாரா? வீட்டில் விறகு அடுப்பா, கேஸ் எப்போது வந்தது? பக்கத்தில் செங்கல் சூளை இருக்கிறதா? வைக்கோல் எரிப்பீர்களா? டாடா ஏஸ் ஓட்டியபோது சிமெண்ட் மூட்டை ஏற்றினீர்களா? அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கையையும் எடுத்துப் போட்டார். பாலாத் காற்றில் பாலைவனத் தூசியும் சுற்றுவட்டார மாசும் கலந்திருந்தன, நீண்டகால பாதிப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லப் போதுமான தரவு இல்லை என்பது அதன் போக்கு. ஆனால் எரிபுகைக்கும் நுரையீரல் திறன் குறைவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதே அறிக்கையில் இருப்பதை எங்கள் வக்கீல் காட்டினார். நான் செய்தது ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். ஆமாம், அப்பா சுருட்டுப் பிடிப்பார். ஆமாம், 2008 வரை விறகு அடுப்பு. அதே வீட்டில் அதே புகையில் இருக்கும் என் தம்பி இன்றைக்கும் களத்தில் நெல் மூட்டை தூக்குகிறான் என்றும் சொன்னேன். அவர்கள் அனுப்பும் டாக்டரிடமும் போய்த்தான் ஆக வேண்டும், காரணமில்லாமல் மறுத்தால் பணத்தை நிறுத்திவைக்கலாம். போகும்போது உங்கள் சி.டி. படத்தையும் கொண்டுபோங்கள்.

2022இல் சமரசமாக முடிந்தது. தொகையைச் சொல்ல மாட்டேன், கடன் கேட்டு ஊரே வந்துவிடும். ஆனால் கணக்கு எப்படி என்று சொல்கிறேன். முழு இயலாமை என்றால் வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மாதம் 550 டாலர் என்றால் வாரம் 127 டாலர் போல, அதில் மூன்றில் இரண்டு 85. அமெரிக்கன் ஒருவன் அதே லாரியை ஓட்டி மாதம் ஏழெட்டாயிரம் வாங்கியிருந்தால் அவன் கணக்கு வேறு. எந்தச் சம்பளத்தை அடிப்படையாக எடுப்பது, ஈராக்கில் வாங்கியதா, நோய் தெரிந்தபோது ஊரில் சம்பாதித்ததா என்பதிலேயே இழுபறி நடந்தது, அதனால் சம்பளச் சீட்டை விடாதீர்கள், ஓவர்டைம் உட்பட. இன்னொன்று: நிரந்தர இயலாமைக்கு வெளிநாட்டவருக்கு வர வேண்டிய எதிர்காலத் தவணைகளை மதிப்பிட்டு, அதில் பாதியைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

கையெழுத்துப் போடும் முன், மருத்துவச் செலவு இதோடு முடிகிறதா, தொடர்ந்து தருவார்களா என்று கேளுங்கள். இழப்பீட்டையும் மருத்துவச் செலவையும் தனித்தனியாகப் பேசலாம். ஆக்சிஜன் மெஷின் தேவைப்படும் வயதில் சமரசத் தொகை தீர்ந்துபோயிருக்கும். பழைய ஆறு லட்சத்தில் எனக்குத் திரும்ப வந்தது கொஞ்சம்தான். கம்பெனியிடம் முதலில் சிகிச்சை கேட்டு, அவர்கள் மறுத்த பிறகு செய்த செலவைத்தான் சுலபமாகக் கேட்க முடியும். ஆகவே தொடர்பு தெரிந்த அன்றே, "எனக்குச் சிகிச்சை தேவை, செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். டாக்டரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

எரிகுழி மட்டும்தான் என்றில்லை. பஸ்ராவுக்குப் பக்கத்தில் கார்மத் அலி தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 2003இல் ஆரஞ்சு நிறத் தூள் கொட்டிக் கிடந்தது, சோடியம் டைகுரோமேட், புற்றுநோய் தரக்கூடியது. மோசுலுக்குத் தெற்கே மிஷ்ராக் கந்தகத் தொழிற்சாலை அதே வருடம் ஜூனில் தீப்பிடித்து ஏறக்குறைய ஒரு மாதம் எரிந்தது. அந்தப் பக்கத்து முகாம்களில் அப்போது இருந்தவர்கள் டாக்டரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

ஆள் போய்விட்டாலும் உரிமை போவதில்லை. நோய்தான் காரணம் என்றால் மனைவிக்குச் சம்பளத்தில் பாதி, பிள்ளைகளும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரை, ஈமச் செலவுக்கு 3,000 டாலர் வரை. என் நாகர்கோவில் நண்பன் போன வருடம் தவறிவிட்டான், அதே மூச்சுக் கோளாறு. அவன் மனைவி போனில், "அண்ணே, அவர் பேப்பர் எதுவும் வைக்கலையே" என்று அழுதது. பேட்ஜ் மட்டும் கிடைத்திருக்கிறது. மனு போட்டிருக்கிறோம். நான் ஒரு சாட்சி எழுதிவிட்டேன், இன்னும் ஒருவர் தேவைப்படுகிறது. 2007, 2008இல் பாலாத்தில் இரவு ஷிப்ட் குப்பை லாரியில் ஓடியவர்கள், அல்லது அவர்களோடு ஒரே கொட்டகையில் தங்கியவர்கள் யாரையாவது தெரிந்தால் இதை அவர்களிடம் கொடுங்கள்.